மகளைக் காரைக்குடிக்கு அனுப்பலாமா? மண்டபத்திலிருந்து கேட்ட ஓர் அப்பாவுக்கு

அண்ணே, நேற்று ராத்திரி போனில் கேட்டீர்களே, "நம்ம பக்கத்து யுனிவர்சிட்டியில படிச்சா வெளியில யாரு மதிப்பா" என்று, அதற்கு அவசரமாகப் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் மகளும் படிக்கட்டும்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. வேதியியலில் 78 சதவீதம் வாங்கியிருக்கிற பெண், மேலே ஆராய்ச்சியோ ஆசிரியர் வேலையோ வேண்டும் என்று அவளே சொல்கிறாள், வீட்டில் லேத் பட்டறை வருமானம் ஒன்றுதான். இந்த நிலையில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ப்பது நல்ல முடிவு. நகையை அடகு வைத்து வெளியூர் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டாம். எம்.எஸ்சி. வேதியியல் என்பது சேர்ந்த இடத்தின் கட்டடத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிற படிப்பு கிடையாது. இரண்டு வருஷம் கழித்து அவள் கையில் என்ன ஆய்வக அனுபவம் இருக்கிறது, எந்தத் தேர்வில் தேறியிருக்கிறாள் என்பதைத்தான் கேட்பார்கள். அடகுக் கடைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளை முதல் வருஷத்திலிருந்தே "சீக்கிரம் ஏதாவது வேலைக்குப் போகணும்" என்ற பதற்றத்திலேயே இருக்கும், தேர்வுக்கு உட்கார்ந்து படிக்காது. நான் இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

சரி, அந்த இடம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நம்ம பக்கத்து" என்று நீங்கள் சொன்ன தொனி எனக்கு வருத்தமாக இருந்தது. காரைக்குடியில் கல்லூரியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ராமநாதபுரம் சீமையில் பிறந்த பிள்ளை மேலே படிக்க வேண்டும் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், அப்படி அனுப்ப எத்தனை வீட்டால் முடியும்? 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், வசதி உள்ளவர்கள் கலைக் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். அங்கே இருந்த கோட்டையூர்க்காரர் அழகப்ப செட்டியார் உடனே ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் தொடங்கினார்கள்.

அவரும் சாதாரண ஆள் இல்லை. 1909இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டன் போய் பாரிஸ்டர் ஆகி, விமானம் ஓட்டக்கூடக் கற்றவர், பிறகு ஜவுளி ஆலை, விமானக் கம்பெனி என்று நடத்தியவர். சம்பாதித்ததைக் கல்விக்கே கொடுத்தார், கடைசியில் தான் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு என்று எழுதிவைத்தார். 1957 ஏப்ரலில், 48 வயது முடிவதற்கு ஒரு நாள் முன்னால் இறந்தார். அவர் போட்ட அந்த விதைகள் வளர்ந்த பிறகு, 1985இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டு அழகப்பா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் அதன் கீழ்தான் வருகின்றன. உங்கள் மகள் மூன்று வருஷம் படித்து வாங்கப்போகிற பி.எஸ்சி. பட்டத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கும், கவனித்தீர்களா? நம் மாதிரி வறண்ட சீமைப் பிள்ளைகளுக்காகவே கட்டிய இடம் அண்ணே அது.

இப்போது உங்கள் மகளுக்கு முக்கியமான விஷயம். அதே வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊரில் எல்லாரும் சிக்ரி என்பார்கள். அது வந்த கதையும் அழகப்பர் கதைதான்: 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, மின்முலாம், இரும்பு துருப்பிடிப்பது, அதைத் தடுப்பது, இதெல்லாம்தான் அங்கே ஆராய்ச்சி. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. மண்டபம் உப்புக்காற்றில் ஒரு போல்ட்டை ஆறு மாதம் வெளியில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களை விட யாருக்குத் தெரியும்? 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் காற்றோடு போராடியதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தத் துருவை ஆராயவே சிக்ரி மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிப் பலமுறை போயிருப்பீர்கள். உங்கள் மகள் பட்டறையில் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம் ஒரு ஆராய்ச்சித் துறையாக இருக்கிறது, அதன் தலைமை நிலையம் அவள் படிக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை நேர்முகத் தேர்வில் அவள் தன் வாயால் சொன்னால் போதும், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே கதவு தானாகத் திறந்துவிடாது. அவள்தான் போய்த் தட்ட வேண்டும். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டை வெளியில் உள்ள ஆய்வகத்தில் செய்யத் துறை அனுமதிக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். முதல் வருஷத்திலேயே அங்குள்ள விஞ்ஞானிகள் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று நிலையத்தின் இணையதளத்தில் படித்து, தனக்குப் பிடித்த இரண்டு மூன்று பேருக்குச் சுருக்கமாக, மரியாதையாக மின்னஞ்சல் எழுதட்டும். பதில் வராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம், மறுபடி எழுதலாம். அப்புறம், இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சி, உதவித்தொகையோடு தருகிறார்கள். அதற்கான விண்ணப்பம் அதற்கு முந்தின வருஷத்தின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏப்ரல் மாதம் வந்து "எங்கே விண்ணப்பிக்கணும்" என்று கேட்கிறார்கள், அப்போது நான் என்ன செய்ய முடியும்? தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குப் பணம் தருகிறது, அதையும் துறை ஆசிரியரிடம் கேட்கட்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நேற்று நீங்களே "அழகப்பாவில் இன்ஜினியரிங்கும் இருக்காமே" என்றீர்கள். காரைக்குடியில் அழகப்பா என்ற பெயரில் நிறைய இடங்கள் உண்டு. அழகப்பா அரசு கலைக் கல்லூரி தனி. அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி தனி, அது தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்வது. சென்னை கிண்டியில் ஏ.சி. டெக் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே அழகப்பர் கொடுத்த நன்கொடையில் 1944இல் வந்ததுதான், ஆனால் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு. நான் சொல்வது அழகப்பா பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கிற துறை வகுப்புகளை. விண்ணப்பம் போடும்போது எந்த இணையதளத்தில் போடுகிறோம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு தொலைநிலைக் கல்வியும் அங்கே உண்டு, அதை நடத்தும் மையம் என்று சொல்லிக்கொண்டு சில தரகர்கள் "பரீட்சைக்கு வந்தா போதும், மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டி இரண்டு வருஷத்தை இழந்தான், அவன் அம்மா என் முன்னால் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. தொலைநிலைப் படிப்பு தப்பில்லை, முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) அறிவித்திருக்கிறது. ஆனால் ஆய்வகம் தேவைப்படுகிற வேதியியலுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை யாரும் சேரும்போது சொல்ல மாட்டார்கள். அங்கே வேதியியல் இருப்பது தொழிலக வேதியியல் துறையில். துறையின் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மகள் பின்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத நினைக்கிறாள் அல்லவா? அங்கே பட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால்கூட இரண்டு பட்டமும் சமம் என்கிற இணைத்தன்மை அரசாணை காட்டு என்பார்கள். தேர்வில் மார்க் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பில் இந்த ஒரு காரணத்தால் வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது இன்னும் இரண்டு வருஷம்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேற வேண்டும், 2023 ஜூலையிலிருந்து பிஎச்.டி. கட்டாயம் இல்லை என்று விதி மாறியிருக்கிறது. நடைமுறையில் போட்டி அதிகம், பிஎச்.டி. வைத்திருப்பவர்கள் முன்னால் நிற்பார்கள், அதை மறைக்க மாட்டேன். அதனால் நான் உங்கள் மகளுக்குச் சொல்வது ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி. செய்பவர்களுக்குத் தருகிற ஆராய்ச்சி உதவித்தொகை. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆருக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிற அந்தத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. படித்துக்கொண்டே வீட்டுக்கும் பணம் அனுப்பலாம் அண்ணே. பெண் பிள்ளையை எத்தனை வருஷம் படிக்க வைப்பது என்று அண்ணி கேட்டதாகச் சொன்னீர்களே, அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இந்தத் தேர்வுக்கு எம்.எஸ்சி. முதல் செமஸ்டரிலேயே படிக்கத் தொடங்க வேண்டும், வகுப்புப் பாடம் மட்டும் போதாது. பக்கத்து ஊரில் கோச்சிங் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், என்பிடெல் என்கிற இணையவழிப் பாடங்கள் இலவசம், ஐஐடி ஆசிரியர்கள் நடத்துவது. பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் கிடைக்கும். நான்கு பேர் சேர்ந்து விடுதியில் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை உட்கார்ந்தால் அதுதான் கோச்சிங்.

குறை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கேம்பஸ் இன்டர்வியூவை நம்பி எம்.எஸ்சி. சேரக் கூடாது, இங்கே மட்டும் இல்லை, மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அடிப்படை அறிவியல் துறைகளுக்கு வரும் கம்பெனிகள் குறைவு. மருந்துக் கம்பெனி வேலை வேண்டுமானால் ஹைதராபாத், பெங்களூரு பக்கம் அவளே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கருவிகளை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், எச்பிஎல்சி, யுவி, ஐஆர் என்று. துறையில் இவை வேலை செய்யும் நிலையில் உள்ளனவா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா அல்லது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தி விளக்குகிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசுவதும் தனியாகப் பழக வேண்டிய ஒன்றுதான். தரச் சான்று பற்றிக் கேட்டீர்கள்: 2017இல், பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடுகிற நாக் குழு நாலுக்கு 3.64 மதிப்பெண்ணோடு ஏ பிளஸ் கொடுத்தது, நல்ல மதிப்பெண்தான், ஆனால் அது முழுப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்பது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஒரு துறையை, அங்கே நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் நெட் தேறினார்கள் என்பதை.

மகள் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுதியிருக்கிறாளா என்று நேற்றுக் கேட்க மறந்துவிட்டேன். எழுதி ஐஐடியில் இடம் கிடைக்கிற ரேங்க் வந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியதையும் தள்ளிவைத்துவிட்டு அங்கே அனுப்புங்கள். எழுதாவிட்டால் அதற்காக ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டாம்.

உங்கள் தம்பி மகன் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் விலங்கியல் படிக்கிறான், கடல் பிடிக்கும் என்றீர்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை தொண்டியில் இருக்கிறது, கடற்கரையிலேயே. பாக் நீரிணையில் கடற்பசுவுக்கென்று 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகம் அறிவித்ததிலிருந்து கடல்புல், மீன்வளம் சம்பந்தமான கள ஆய்வுகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. மீனவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசத் தெரிந்த பட்டதாரி அங்கே அதிகம் இல்லை. அவனை என்னிடம் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்.

பணத்துக்கு: புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும், எம்.எஸ்சி.க்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கல்வி உதவித்தொகைகள் உண்டு, அதற்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, மகள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக இருக்க வேண்டும். இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், சேர்க்கை நேரத்தில் கூட்டம் தாங்காது.

வர்ற வாரம் ஒரு வேலை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுங்கள். மானாமதுரை, சிவகங்கை வழியாகத் திருச்சி போகிற வண்டியில் காரைக்குடியில் இறங்கலாம். அண்ணியும் வரட்டும், பெண்கள் விடுதியை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். துறைக்குப் போனால் நீங்கள் வெளியே நில்லுங்கள், பேசுவதை மகளே பேசட்டும். முதல், இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நான்கு பேரைக் கேன்டீனில் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து நான் சொன்ன கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். சாயங்காலம் திரும்பும்போது வண்டியிலிருந்தே எனக்கு போன் போடுங்கள், அவள் குரலைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை அன்றைக்கே சேர்ந்து நிரப்பிவிடலாம்.