லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யும்போது டிரைவர் சார்புப் பிழை ஏன் வருகிறது?

ஒரு டிரைவர் தன் வேலைக்கு வேறொரு பகுதியின் ஃபங்ஷனை நம்பியிருப்பதே சார்பு. அந்தப் பகுதியைத் தேர்வு செய்யாவிட்டால், எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆனபிறகு, கடைசி இணைப்பில் லிங்கர் (கம்பைலான துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் நிரல்) நின்றுவிடும்.

அதிகம் அலைக்கழிப்பது இன்னொரு வகை: கெர்னலின் அமைப்புக் கோப்பில் டிரைவருக்கு 'ஒய்' (y), அது நம்பும் பகுதிக்கு 'எம்' (m) என்று தேர்வு செய்திருப்பது. முன்னது கெர்னலோடு பிணைகிறது. பின்னது பிறகு ஏற்றப்படும் மாட்யூல். மாம்பலத்தில் காலை 5 மணிக்குப் பால் பாக்கெட் வந்துவிட்டது, காபித்தூள் கடையோ 9 மணிக்குத்தான் திறக்கும் என்றால் 5 மணிக் காபி எப்படிக் கிடைக்கும்?

விடுபட்ட ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கிரெப்பால் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) தேடுங்கள். அருகிலுள்ள மேக்ஃபைலில் (எதைக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கோப்பு) அதன் கான்ஃபிக் பெயர், அதாவது அமைப்புக் கோப்பில் அதைக் குறிக்கும் பெயர், இருக்கும். அதை 'ஒய்' ஆக்குங்கள். டிரைவர் நீங்கள் எழுதியதானால், தேர்வுகளை வரையறுக்கும் கேகான்ஃபிக் கோப்பில் 'டிபெண்ட்ஸ் ஆன்' (இதைச் சார்ந்தது) என்று எழுதுங்கள்.

ஏதோ மென்பொருளை நிறுவினால் சரியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள்; இங்கே விடுபட்டது கெர்னலின் சொந்த அமைப்புக் கோப்பில் ஒரு வரி.