வாத்துக்காலும் வாளியும்

அன்புள்ள ஐயா,
எந்த ஆறும் வந்து சேராத ஏரியில்கூட நத்தைகள் இருக்கின்றனவே, இவ்வளவு மெதுவாக ஊரும் உயிர் அங்கே எப்படிப் போயிருக்கும்? பரிணாமத்தில் தேங்கிப்போன உயிர் என்று நத்தையைச் சொல்லலாமா? என் மீன்தொட்டியில் நத்தைகள் ஏகமாகப் பெருகிவிட்டன. கொல்ல மனம் வராமல் சென்ற வாரம் அருகிலுள்ள ஏரியில் விட்டுவந்தேன்.
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு டார்வின் 1859இலேயே பதில் எழுதிவிட்டார். நத்தை முட்டைகள் பொரிந்துகொண்டிருந்த தொட்டியில் வாத்தின் கால்களைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பொடிக் குஞ்சுகள் ஏறி ஒட்டிக்கொண்டன, வெளியே எடுத்து உதறியும் விழவில்லை, ஈரக்காற்றில் 12 முதல் 20 மணி நேரம் உயிரோடும் இருந்தன. அதற்குள் வாத்து 600, 700 மைல் பறந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஊரவே வேண்டாம், ஏறிக்கொண்டால் போதும்.

சரி, அது இருக்கட்டும். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் அதைச் செய்தவன். இருபது வயதில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். வாங்கிய செடியோடு அரிசிமணி அளவில் கூம்பாக ஒரு நத்தை வந்தது. ஒன்றே ஒன்று. சில மாதங்கள் கழித்து இரவில் விளக்கைப் போட்டால் மணலே நகர்வதுபோல் இருக்கும். அந்த வகையில் ஆண் துணையில்லாமலே பெண் குட்டி போடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாளியில் அள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டிவிட்டு, ஏதோ புண்ணியம் செய்தவன்போல வீடு திரும்பினேன். முட்டாள்தனம். நீங்கள் செய்ததும் அதேதான், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நத்தை தேங்கிப்போன உயிரா என்பது. குளம் சில நூறு ஆண்டுகளில் தூர்ந்துபோகும். அதில் பிழைக்கும் நத்தை ஊர் ஊராகப் போகத் தெரிந்ததாக இருக்கவேண்டும், அதனால்தான் குளத்துக்குக் குளம் அதே முகங்கள். ஆனால் ரஷ்யாவின் பைக்கால், ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா, ஐரோப்பாவின் ஒஹ்ரிட் போன்ற ஏரிகள் பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டி நிற்பவை. அங்கே தங்கிவிட்ட நத்தைகள் வேறெங்கும் இல்லாத இனங்களாகிவிட்டன. டாங்கனிக்கா நத்தைகளின் தடித்த, முள்ளும் வரியுமான ஓடுகள் கடல் நத்தை ஓடுகளைப்போல இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஏரி ஒரு காலத்தில் கடலோடு சேர்ந்திருந்தது என்று மூர் என்ற ஆங்கிலேயர் வாதாடினார். அது தவறு. அந்த ஏரியிலேயே ஓட்டை நொறுக்கித் தின்னும் நண்டுகள் இருக்கின்றன. கொடுக்கு பெருக்கப் பெருக்க ஓடு தடித்தது, ஓடு தடிக்கத் தடிக்கக் கொடுக்கு பெருத்தது. இதற்குப் பேர்தான் தேங்கிப்போவதா?

ஆற்றிலும் இதே கதைதான். வேகமான நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு செவுளால் மூச்சுவிடும் நத்தை பக்கத்து ஆற்றுக்குக்கூடப் போகாது. அமெரிக்காவின் அலபாமாவில் கூசா ஆற்றில் அப்படியே இருந்து தனித்தனி இனமானவை ஏராளம். இருபதாம் நூற்றாண்டில் அணைகள் கட்டி அந்தக் கல்படுகைகளை மூழ்கடித்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்துபோய்விட்டன. அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை.

இப்படிப்பட்டவற்றின் நடுவில்தான் நாம் வாளியைக் கவிழ்க்கிறோம். நியூசிலாந்தின் சேற்று நத்தை அரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். மீன் விழுங்கினாலும் ஓட்டு வாயின் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு மறுபக்கம் உயிரோடு வந்துவிடும். அதுவும் துணையில்லாமல் பெருகும் ஜாதி. 1987இல் அமெரிக்காவின் ஸ்நேக் ஆற்றில் கண்ணில் பட்டது, அப்புறம் சில ஓடைகளில் ஒரு சதுர மீட்டருக்கு லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள். அதற்கு வாத்துக்கால் தேவைப்படவில்லை, நம் கை போதுமாக இருந்தது.

உங்கள் மனம் இளகியது எனக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்லவில்லை. தொட்டியில் மிச்சம் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள், நத்தையும் குறையும். தொட்டித் தண்ணீரையும் செடியையும்கூட ஏரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், நீங்கள் விட்டது கூம்பாக நீண்டதா, தட்டையாகச் சுருண்டதா? அதை எழுதவே இல்லையே.