பின்னணி இசை: எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது?

கேள்வி: எங்கள் குடும்பக் கதைப் படத்தில் பிற்பாதி இழுவையாக இருக்கிறது என்கிறார்கள். வேகமான பின்னணி இசை போட்டால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் இழுவை கூடத்தான் செய்யும். தாளம் ஓடும், திரையில் இருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொருந்தாமையே காட்சியின் மந்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அந்தப் பகுதியை இசையே இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் எடிட்டிங்கில்தான் தீர்வு. இசை இல்லாமல் நன்றாக இருந்தால் அதற்கு முந்தைய காட்சியைச் சந்தேகப்படுங்கள். மெதுவான இரண்டு இசைத் துண்டுகள் அடுத்தடுத்து வந்தால் பழி இரண்டாவது காட்சியின் மேல் விழும். முதல் துண்டை எடுத்துவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு (பீட்) என்ற கணக்கை, தொடாமலும் வேகத்தை மாற்றலாம். ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நான்கு பார் (தாளச் சுற்று) நீண்டால் நேரம் நின்றுவிட்டது போலிருக்கும். அதே டெம்போவில் பாருக்கு ஒரு கார்டு மாறினால் கதை நகர்கிற உணர்வு வரும்.

கேள்வி: அம்மா உடைந்து அழும் காட்சியில் வயலின்கள் வருகின்றன. நடிப்பு நன்றாக இருந்தும் செயற்கையாகத் தெரிகிறதே, ஏன்?

பதில்: கண்ணீரும் வயலினும் ஒரே நொடியில் வருவதால். முகம் சொன்னதையே இசையும் சொல்கிறது. 'இப்போது அழு' என்று கட்டளையிடுவதாகப் பார்வையாளர் உணர்கிறார். மெட்டை மாற்றும் முன் நுழைவை மாற்றிப் பாருங்கள். அதே துண்டை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கலாம்: அழுகைக்கு முன்பு அவர் ஒரு முடிவுக்கு வரும் பார்வையில், அழுகை அடங்கிய மூச்சில், அல்லது அடுத்த காட்சிக்கு மாறும் வெட்டில். முதலாவது, வரப்போவதற்கு நம்மைத் தயார்ப்படுத்தும். கடைசியானது அழுகையை முழுக்க நடிகரிடமே விட்டுவிட்டு, அதன் எடையை அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகும். குடும்பக் கதைகளுக்கு இதுவே மிகப் பொருத்தமானது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நுழைவு கண்ணில் படக்கூடாது. கதவு சாத்தும் ஓசை, தலை திரும்பும் அசைவு, ஷாட் மாறும் இடம் ஆகியவற்றின் மறைவில், அழுத்தமில்லாத நீள் சுரத்தில் தொடங்குங்கள். வாத்தியங்களையும் குறையுங்கள். தனி ஒருவரின் துயரத்துக்கு இருபது வயலின்கள் கூட்டமாகிவிடும். ஒற்றைச் செல்லோ (வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரல் வாத்தியம்) போதும். முடிக்கும்போது மெட்டின் நடுவே ஃபேட் செய்து (ஒலியைப் படிப்படியாகக் குறைத்து) அறுக்காதீர்கள். இசை வாக்கியம் முடிந்து, அதன் எதிரொலி வெட்டைத் தாண்டி இரண்டு மூன்று நொடி கரையட்டும்.

கேள்வி: நாயகி கடிதத்தைக் கிழிக்கும் ஷாட்டில் தாளம் சரியாக விழவேண்டும். எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில், 1440-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கான ஃப்ரேம் எண்ணிக்கை வரும். டெம்போ 60 என்றால் 24 ஃப்ரேம், 72 என்றால் 20, 96 என்றால் 15. இசை தொடங்கி 42-வது நொடியில் கடிதம் கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். 72-இல் வாசித்தால் அதுவரை 50.4 பீட், தட்டு ஷாட்டில் விழாது. 52 பீட் வேண்டுமென்றால் 52-ஐ 60-ஆல் பெருக்கி 42-ஆல் வகுங்கள். 74.3 வரும். நான்கு பீட் தாளத்தில் 13 பார் முடிந்து, 14-வதன் முதல் தட்டு சரியாக அங்கே விழும். முழுத் துண்டையும் இதே வேகத்தில் கிளிக் டிராக் (ஒவ்வொரு தட்டையும் காதுக்குக் காட்டும் ஒலி) வைத்துப் பதிவு செய்யுங்கள். நடுவில் இழுத்துச் சரிக்கட்டினால் காதில் இடறும்.

ஓரிரு ஃப்ரேம் தாமதமாக விழுந்தாலும் பாதகமில்லை. முந்தினால்தான் தவறாகத் தெரியும், ஏனென்றால் செயலுக்குப் பின் ஒலி வருவதே நமக்குப் பழக்கம். ஒரு துண்டுக்கு இப்படி ஓர் இடம் போதும். எல்லா வெட்டுகளும் தாளத்தில் விழுந்தால், அடுத்த வெட்டை முன்கூட்டியே ஊகிக்கும் பார்வையாளர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். எடிட்டிங் முழுதாக முடியும் முன் இந்தக் கணக்கில் இறங்காதீர்கள். அரை நொடி வெட்டினாலும் எல்லாம் கலைந்துவிடும்.

கேள்வி: இசையைக் குறைத்தும் வசனம் புரியவில்லை.

பதில்: ஒலி அளவைவிட அலைவரிசையே இங்கே காரணம். மெய்யெழுத்துகளின் தெளிவு ஏறத்தாழ 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. வயலினும் பியானோவும் அதே இடத்தை அடைக்கின்றன. இசை டிராக்கில் அந்தப் பகுதியை 2, 3 டெசிபல் இறக்குங்கள். இன்னும் நல்லது, மெட்டை வசனத்தின் இடைவெளிகளுக்கு நகர்த்திவிட்டு, பேச்சுக்கு அடியில் தாழ்ந்த நீள் சுரங்களை மட்டும் வைப்பது.

கேள்வி: எடிட்டிங்குக்கு வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். வெட்டுகள் அதன் தாளத்துக்கே பழகிவிடும். புதிய இசை எது வந்தாலும் குறையாகத் தெரியும். ஸ்டான்லி குப்ரிக்கின் 1968-ஆம் ஆண்டுப் படமான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையே இப்படித்தான் கைவிடப்பட்டது. தற்காலிகமாகப் போட்டிருந்த செவ்வியல் இசையையே குப்ரிக் நிலைநிறுத்திவிட்டார்.

கேள்வி: இசையை நிறுத்திய இடத்தில் ஸ்பீக்கர் பழுதானது போலிருக்கிறதே?

பதில்: அங்கே ரூம் டோன், அதாவது அறையின் இயல்பான மெல்லிய பின்னொலி, இல்லை. படப்பிடிப்பு நடந்த அறையில் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, இசை ஓயும் முன்பே அதை அடியில் கொண்டுவந்துவிடுங்கள். ஆடை உரசல், பாத்திர ஓசை போன்ற ஒன்றிரண்டு சிறு ஒலிகளும் சேரட்டும்.