சும்மா விட்டா என்ன ஆகும்?

கேள்வி: சூடான பொருளை சும்மா விட்டாலே ஆறிடுது, ஆறினதை சும்மா விட்டா சூடாக மாட்டேங்குது. கேட்டா என்ட்ரோபிங்கறாங்க. என்ட்ரோபின்னா ஒழுங்கின்மைதானே? அப்போ பிரபஞ்சம் ஒருநாள் குப்பைமேடா ஆயிடுமா சார்?

பதில்: இதுல மூணு கேள்வி இருக்கு, எனக்கு பிடிச்சது அந்த 'சும்மா'தான், ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. எங்க புரூஃப் ரீடர் "பேச்சுவழக்கா இருக்கு சார், 'தானாகவே'ன்னு மாத்திடவா"ன்னு பேனாவோட வந்தார், கை வைக்காதீங்கன்னுட்டேன். என்ட்ரோபிங்கற பேரை 1865ல வச்சவர் ருடால்ஃப் கிளாசியஸ்னு ஒரு ஜெர்மன்காரர். அவர் வெப்ப இயக்கவியலோட (வெப்பமும் வேலையும் ஒண்ணு இன்னொண்ணா மாறற கணக்கு, அதுக்கு முக்கியமா மூணு விதி) ரெண்டாம் விதியை சொல்றப்போ, குளிர்ந்த பொருள்லேர்ந்து சூடான பொருளுக்கு வெப்பம் 'ஃபான் செல்ப்ஸ்ட்' போகாதுன்னு சொல்றார். அதாவது சும்மா போகாது. விதியோட உயிர் அந்த வார்த்தையிலதான், அதை உருவிட்டீங்கன்னா விதியே பொய். ஃப்ரிட்ஜ் இருக்கே, உள்ள இருக்கற குளிர்லேர்ந்து வெப்பத்தை இழுத்து வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கு, ஆனா சும்மா தள்ளல, கரண்ட் சாப்பிட்டுட்டு தள்ளுது.

நம்ம சும்மாவுக்கு இன்னும் அர்த்தம் இருக்கு பாருங்க. 'காசில்லாம'ன்னு எடுத்தா அது முதல் விதி, ஆற்றல் சும்மா கிடைக்காது. 'தானா'ன்னு எடுத்தா ரெண்டாவது. 'அசையாம'ன்னு எடுத்தா மூணாவது, எதையும் முழுசா சும்மா இருக்க வைக்க முடியாது, மைனஸ் 273.15 டிகிரிக்கு கிட்ட கிட்ட போகலாமே தவிர போய் சேர முடியாது. (அங்க போனாலும் குவாண்டம் நடுக்கம் மிச்சமிருக்கும்னு பிசிக்ஸ் வாத்தியாருங்க லெட்டர் போட வேணாம், தெரியும்.) மூணு விதியையும் ஒரே வார்த்தையில அடக்கின பாஷை வேற இருந்தா சொல்லுங்க, நான் விசாரிச்ச வரைக்கும் இல்ல. விசாரிச்சது எங்க ஆபீஸ்ல மட்டும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம், சின்னதுதான். 400 கெல்வின்ல ஒரு இரும்புக்கட்டி, 300 கெல்வின்ல இன்னொண்ணு, அதாவது 127 டிகிரியும் 27 டிகிரியும். ரெண்டையும் ஒட்டி வச்சா 100 ஜூல் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் போகுதுன்னு வைங்க. கிளாசியஸ் கணக்குப்படி வெப்பத்தை வெப்பநிலையால வகுக்கணும். சூடானது இழந்தது 100/400, கால். குளிர்ந்தது வாங்கினது 100/300, மூணுல ஒண்ணு. கொடுத்தது கால், வாங்கினது மூணுல ஒண்ணு, நடுவுல 0.083 புதுசா முளைச்சிருக்கு. அதுதான் என்ட்ரோபி ஏறினதுங்கறது. திருப்பி ஓட்டினா அந்த 0.083 கழியணும், மொத்தக் கணக்குல அது கழியாது, அவ்ளோதான் விஷயம். நடுவுல ஒரு இன்ஜினை வச்சீங்கன்னா அதிகபட்சம் 25 ஜூல் வேலை வாங்கலாம், மிச்சம் 75 குளிர்ந்த பக்கம் போயே ஆகணும், 75/300 கால், கணக்கு நேர். இந்த உச்சவரம்பு இருக்குன்னு 1824லயே சாடி கார்னோங்கற பிரெஞ்சு இன்ஜினியர் கண்டுபிடிச்சிட்டார், அதுவும் வெப்பம்ங்கறது ஒரு திரவம்னு நம்பிக்கிட்டே. தப்பான நம்பிக்கையிலேர்ந்து சரியான முடிவு, எல்லாருக்கும் வாய்க்காது.

ஏன் கழியாதுன்னு கேட்டா போல்ட்ஸ்மன்ங்கற ஆஸ்திரிய பிசிக்ஸ்காரர் கிட்ட போகணும். பத்து காசை சுண்டி விடுங்க. 1024 விதமா விழலாம். பத்தும் தலையா விழ ஒரே வழி, அஞ்சு தலை அஞ்சு பூவா விழ 252 வழி. நூறு காசுன்னா சரிபாதியா விழற வழி ஒண்ணுக்குப் பின்னால 29 சைபர், எல்லாம் தலைக்கு அப்பவும் அதே ஒண்ணுதான். ஒரு கிராம் தண்ணியில மூலக்கூறு எத்தனைன்னா 3க்கு பின்னால 22 சைபர், இதுக்கு வழி எண்ண உக்காந்தா பேப்பர் பத்தாது. யாரும் வெப்பத்தை பிடிச்சு தள்ளல, எந்தப் பக்கம் வழி ஜாஸ்தியோ அங்க போய் விழுது, அந்த வழிக் கணக்குதான் என்ட்ரோபி.

இப்ப அந்த 'ஒழுங்கின்மை', என் பழைய சண்டை. என்ட்ரோபின்னா கலைஞ்சு கிடக்கற மேஜை மாதிரின்னு எவனோ எழுதப்போக எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. என் மேஜையை உதாரணமா காட்டியே ரெண்டு கட்டுரை வந்திருக்கு. மேஜை கலைஞ்சு கிடந்தாலும் அடுக்கி வச்சாலும் அதோட என்ட்ரோபி கிட்டத்தட்ட ஒண்ணுதான்யா! போன மாசம் உதவி ஆசிரியர் ஒருத்தர் நான் இல்லாத நேரம் பாத்து அடுக்கிட்டார். மேஜை பளிச்சுன்னு இருக்கு, தலையங்கம் எழுதி வச்ச காகிதத்தை காணோம். அவருக்கு வேர்த்து விறுவிறுத்துச்சே அந்த வெப்பம் ரூம்ல கலந்துச்சு, என்ட்ரோபி ஏறினது அங்கதான். ஆக பிரபஞ்சத்தோட என்ட்ரோபியை கூட்டினது நான் இல்ல, அவர். சொன்னேன், மூணு நாள் பேசல. எண்ணெயையும் தண்ணியையும் குலுக்கி வைங்க, அழகா பிரிஞ்சு ஒழுங்கா நிக்கும், அங்கயும் என்ட்ரோபி ஏறத்தான் செய்யுது, ஏன்னா எண்ணெயை சுத்தி விறைப்பா நின்ன தண்ணி மூலக்கூறுங்களுக்கு திரும்ப இஷ்டத்துக்கு புரள வழி கிடைக்குது. ஒழுங்கின்மையாம்!

குப்பைமேடு கேட்டீங்க. அந்த அளவுக்கெல்லாம் அதிர்ஷ்டம் இல்ல சார். குப்பைமேட்டுலயாவது அடியில கை வச்சா சூடா இருக்கும், மேல ஆறி இருக்கும், அந்த வித்தியாசத்துல ஒரு குட்டி இன்ஜின் ஓட்டலாம். கடைசியில எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துட்டா அதுவும் இல்ல. கவலைப்படாதீங்க, சூரியன் 5800 கெல்வின்ல ஒளியா அனுப்புது, பூமி வாங்கின ஆற்றலை அப்படியே சுமார் 255 கெல்வின்ல அகச்சிவப்பா திருப்பி விட்டுடுது, வாங்கற ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒண்ணுக்கு விடறது கிட்டத்தட்ட இருபது. வாங்கறதும் விடறதும் ஒரே அளவுன்னா நாம எதுலதான் வாழறோம்? அந்த ஒண்ணு இருபதாகற கேப்லதான்.

கடைசியா, உங்களுக்கு சம்பந்தமில்ல, ஆனா இடம் இருக்கு. காந்தம் ஒட்டின சக்கரம் சும்மாவே சுத்தி கரண்ட் கொடுக்கும்னு மாசாமாசம் படம் வரைஞ்சு அனுப்பற அன்பர்களுக்கு: பிரெஞ்சு அறிவியல் அகாடமி இந்த மாதிரி டிசைனையெல்லாம் இனி பாக்கமாட்டோம்னு 1775லயே கதவை சாத்திடுச்சு. எனக்கு இன்னும் அந்த தைரியம் வரல. ஒண்ணு பண்ணுங்க, படத்துக்கு பதில் சக்கரத்தையே அனுப்புங்க, பேட்டரியை கழட்டிட்டு.