ஒரே மரபணுத் தொகுப்பு, வெவ்வேறு வேலைகள்

கேள்வி: எல்லா வெள்ளணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தாம் உள்ளன என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் ஒன்று எதிர்ப்பொருள் சுரப்பதும், மற்றொன்று நோயுற்ற செல்லைக் கொல்வதும் எப்படி?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரியே. இவ்வணுக்கள் அனைத்துக்கும் மூலம் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள்தாம். கிருஷ்ணகிரி அணையில் நீர் ஒன்றே என்றாலும், எந்த மதகு திறக்கப்படுகிறதோ அந்தக் கால்வாய்ப் பாசனம்தான் நனைகிறது அல்லவா? செல்லுக்குள் அந்த மதகைத் திறப்பவையும் மூடுபவையும், டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் சில புரதங்களாகும்.

அவற்றுள் பாக்ஸ்5 என்பது, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்லின் பாதையை உறுதிசெய்கிறது. எலிகளில் அதை நீக்கியபோது, பி செல்லாக வேண்டிய இளம் அணுக்கள் வேறு இரத்த அணுக்களாகவும் மாறக்கூடியவையாக இருந்தன என்பது 1999இல் வெளியானது. ஒரு செல் தன் வேலையைத் தேர்ந்தெடுப்பதில், பிற வழிகளை அடைப்பதற்கும் இவ்வளவு பங்கு இருப்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

‘பெரும்பாலும்’ என்றேனே, அதற்குக் காரணம் உண்டு: பி செல்களும், டி செல்களும் (நோயுற்ற செல்லைக் கொல்பவை இவற்றில் ஒரு வகை) கிருமிகளை அடையாளம் காணும் தம் ஏற்பிகளுக்கான மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி மாற்றியமைத்துக்கொள்கின்றன. எதிர்ப்பொருள்களில் இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

பாக்ஸ்5 போலவே மதகை இயக்கும் மற்றொரு புரதத்துக்கான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு, பிற வெள்ளணுக்களை அடக்கிவைக்கும் டி செல்களை உருவாக்குகிறது. அது பழுதானால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, உடலே தன் குடலையும் கணையத்தையும் தாக்கும் கொடிய நோய் வருகிறது. இவ்வகைச் செல்கள் பற்றிய ஆய்வுக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது.