தறிப்பட்டறையை அடமானம் வைக்காதீர்கள்

இளம்பிள்ளை ஊர் அண்ணனுக்கு,

மகள் பாப்பாவுக்கு இரண்டாவது முறையும் நீட்டில் மதிப்பெண் போதவில்லை என்று கலங்கிப்போய் வந்தீர்கள். முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். ஆனால் பட்டறையை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் மச்சான் என்றீர்களே, அது வேண்டவே வேண்டாம். படித்துவிட்டு வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் வைத்தியம் பார்க்க முடியும். அதுவரை வட்டி கட்டப்போவது மச்சான் இல்லை.

நீங்கள் பேசும்போது நான் பாப்பாவைக் கவனித்தேன். தாத்தா "ஆங்?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் கத்தவில்லை. அவர் முகத்துக்கு நேரே திரும்பி, நிதானமாக, வேறு வார்த்தை போட்டுச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏற்ற மாதிரி ஆடியாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறது அண்ணா, காது கேட்கும் திறனைச் சோதித்து உதவும் படிப்பு. தறிச் சத்தத்திலேயே காலம் கழித்தவருக்கு ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை கொடுத்துச் சோதித்து, கேட்கும் அளவை வரைபடத்தில் கோடாகப் போட்டால், பெரும்பாலும் 4000 பக்கத்தில் கோடு பள்ளத்தில் இறங்கும். 'ச' மாதிரி மெல்லிய ஓசைகள் நழுவிவிடும். "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை" என்பது அதனால்தான். அந்தக் கோட்டைப் பார்த்து, காது மெஷினில் எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது என்று முடிவுசெய்பவர் ஆடியாலஜிஸ்ட். தூங்கும் கைக்குழந்தையின் நெற்றியிலும் காதுப் பின்புறமும் மின்முனை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை செய்பவரும் அவரே. முதலமைச்சர் காப்பீட்டில் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கு உள்காதில் காக்ளியர் கருவி வைக்கிறார்களே, அறுவை முடிந்ததும் பிள்ளைக்குக் காது கேட்டுவிடாது. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று பார்த்துப் பார்த்து மேப்பிங் செய்ய வேண்டும். சொந்தத்துக்குள் கட்டிக்கொடுத்தால் பிறவியிலேயே காது கேளாத பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடும், அப்படிக் கட்டிக்கொடுக்கும் நம் பக்கம் இந்த வேலைக்கு ஆள் தேவை.

முதலில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற காது, பேச்சு பற்றிய பட்டப்படிப்பு நான்கு வருடம், கடைசி வருடம் நேரடிப் பயிற்சி. அப்புறம் எம்.எஸ்சி. ஆடியாலஜி இரண்டு வருடம். மைசூரில் இந்தப் படிப்புக்கென்றே 1965-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அதை முதலில் முயலுங்கள். தனியார் கல்லூரி என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள், அதில் பதிவு செய்யாமல் தொழில் பண்ண முடியாது. நான்கு வருடக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டுமென்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

சேலம் அரசு மருத்துவமனைக்குத் தாத்தாவைக் காது சோதனைக்குக் கூட்டிப்போங்கள். பாப்பா கூடவே இருந்து பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், வேறு வழி பார்ப்போம். அதுவரை பட்டறைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.