லேசர் ஒளி எலக்ட்ரானைப் பறிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், ஃபோட்டானிடம், அதாவது ஒளித்துகளிடம், போதிய ஆற்றல் இல்லாவிட்டால் எலக்ட்ரான் வெளியே வராது என்றுதானே படித்தோம்? சிவப்பு லேசர் எப்படி வாயு அணுவின் எலக்ட்ரானைப் பறித்து அதை அயனியாக்குகிறது?

பதில்: படித்தது சரிதான், சாதாரண ஒளிக்கு. செனான் அணுவிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்க 12.13 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். ரூபி லேசரின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 1.79 தான். ஆனால் ஒளியை நெருக்கிக் குவித்தால், அணு ஏழு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கிவிடும். சோவியத் யூனியனில் வோரோனோவும் டெலோனேயும் 1965-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஏழும் சேர்ந்து வந்தாக வேண்டும் என்பதால், ஒளிச்செறிவை இரு மடங்காக்கினால் அயனிகள் கணக்குப்படி 128 மடங்கு கூட வேண்டும்.

கேள்வி: அப்போ சுரங்க விளைவு என்பது வேறா, அண்ணா?

பதில்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒளி என்பது ஊசலாடும் மின்புலம். ஹைட்ரஜனில் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் புலம் மீட்டருக்குச் சுமார் 50,000 கோடி வோல்ட். சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி வாட் பாய்ச்சினால், லேசரின் புலமும் 2,700 கோடி வோல்ட்டைத் தொடும். அது போதும், அணுவின் ஆற்றல் தடுப்பு ஒரு பக்கம் சரிந்து மெலிந்துவிடும். எலக்ட்ரான் அதன் ஊடாகவே நழுவிவிடும். இதுதான் சுரங்க விளைவு. 1964-இல் சோவியத் இயற்பியலாளர் கெல்டிஷ் இரண்டு வழிகளையும் ஒரே கணக்கில் அடக்கினார். செறிவும் அலைநீளமும் கூடக் கூட சுரங்கத்தின் பக்கம் சாயும், குறைந்தால் பல ஃபோட்டான் பக்கம். நடுவே எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இரண்டையும் தொடர்பில்லாத நிகழ்வுகள்போலக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கேள்வி: கடையில் விற்கும் லேசர் பாயிண்டரால் முடியுமா?

பதில்: முடியாது. அவ்வளவு செறிவுக்கு, ஒளி தொடர்ந்து வராமல் மிகக் குறுகிய துடிப்பாக வர வேண்டும். ஒரு மில்லிஜூலை 30 ஃபெம்டோ நொடிக்குள் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அடைத்தால் 3,300 கோடி வாட். இதற்கு வழி திறந்தது 1985-இல் ஸ்ட்ரிக்லண்டும் மூருவும் கண்ட துடிப்புப் பெருக்க முறை.

கேள்வி: வெளியே வந்த எலக்ட்ரான் என்ன ஆகும்?

பதில்: பெரும்பாலும் போயே போய்விடும். சில மட்டும் திரும்பி வரும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். 800 நானோமீட்டர் ஒளியில் புலம் 1.3 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை திசை மாறும். வெளியே இழுபட்ட எலக்ட்ரானை அதே புலம் திருப்பி இழுத்து, அது விட்டுவந்த அயனியின் மேலேயே மோதவிடும். மோதிய வேகத்தில் இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடலாம். இல்லையென்றால் அயனியோடு மறுபடி சேர்ந்து, சேர்த்த ஆற்றலையெல்லாம் புற ஊதாக் கதிராகக் கொட்டலாம். இயற்பியலாளர் கார்க்கம் 1993-இல் இதைத் தெளிவாக விளக்கினார். அந்தக் கதிர்களிலிருந்துதான் அட்டோநொடித் துடிப்புகள் (ஃபெம்டோ நொடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் அளக்கும் துடிப்புகள்) கிடைத்தன. 2023 இயற்பியல் நோபல் அதற்குத்தான்.

கேள்வி: மூலக்கூறும் இதே மாதிரிதானா?

பதில்: எப்போதும் இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு வேண்டியது 12.07 எலக்ட்ரான் வோல்ட், கிட்டத்தட்ட செனான் அளவுதான். இருந்தும் அதே லேசரில் ஆக்சிஜன் வெகு குறைவாகவே அயனியாகிறது. அதன் இரு அணுக்களிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நைட்ரஜனோ, கிட்டத்தட்ட அதே ஆற்றல் வேண்டிய ஆர்கான் அணுவைப் போலவே நடந்துகொள்கிறது. அப்புறம், ஒரு மூலக்கூறு பல எலக்ட்ரான்களை இழந்தால் மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறும். இதற்குக் கூலும் வெடிப்பு என்று பெயர். சிதறிய துண்டுகளின் திசையையும் வேகத்தையும் அளந்தால், வெடிக்கும் முன் அந்த மூலக்கூறு என்ன வடிவில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.